சிங்கப்பூர் – நியூயார்க்: நேராகவா, ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவா?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 15,300 கி.மீ. எங்கும் நிற்காத சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குக் கிட்டத்தட்ட 19 மணி நேரம் ஆகும்.

ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் ஏறக்குறைய 16,500 கி.மீ. கூடுதல் தூரம் என்று பார்த்தால் ஒன்றரை மணி நேரப் பறப்புகூட இல்லை. ஆனாலும் பயணம் 23, 24 மணி நேரத்துக்கு இழுத்துவிடும். இறங்குவது, தரையில் காத்திருப்பது, மறுபடி மேலேறுவது, போதாக்குறைக்கு மேற்கே பறக்கையில் எதிர்க்காற்று. எல்லாம் சேர்ந்து நேரத்தைத் தின்றுவிடும்.

அப்புறம் ஒன்று: நேர் விமானமான ஏர்பஸ் ஏ350-900யூஎல்ஆரில் எகானமி வகுப்பே கிடையாது. பணம் ஒரு பொருட்டென்றால் ஃபிராங்க்ஃபர்ட்தான். நடுவில் கொஞ்சம் காலாற நடக்கவும் செய்யலாம். உட்கார்ந்தபடி தூங்க முடிகிறவர்கள் நேராகவே போகட்டும்.