ஸ்கீமா ரெஜிஸ்ட்ரிக்கு அனுமதி அமைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் 403-ஐக் காட்டச் சொல்லுங்கள்

செயலிகளுக்கு இடையே மெசேஜ்களைக் கடத்தும் காஃப்காவுக்கும், அந்த மெசேஜ்களின் வடிவத்தை (ஸ்கீமா) பதிந்து வைக்கும் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரிக்கும் அனுமதி அமைக்கும் வேலையை வெளியே ஒரு சேவை நிறுவனத்திடம் கொடுத்தோம். ஆர்டர் குழு எழுதலாம், அறிக்கைக் குழு படிக்க மட்டும் செய்யலாம் என்று சப்ஜெக்ட் (ஒரு ஸ்கீமாவின் பதிப்புகள் சேரும் பெயர்) வாரியாகப் பிரித்துத் தருவதாக ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஒப்படைப்பு ஆவணத்திலும் அதற்கு ஒரு அட்டவணை இருந்தது. ரெஜிஸ்ட்ரியில்தான் எதுவும் இல்லை.

டெமோவில் கடவுச்சொல் இல்லாமல் அழைத்தால் 401 (யாரென்று தெரியாது), கொடுத்தால் 200 (சரி) என்று காட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே நுழைந்த யாரும் எதையும் செய்யலாம் என்பது அதில் தெரியாது. அதற்கு 403, அதாவது 'உனக்கு இதற்கு அனுமதி இல்லை' என்ற பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அறிக்கைக் குழுவின் சோதனை ஸ்கிரிப்ட் ஒன்று ஆர்டர் சப்ஜெக்ட்டின் இணக்க விதியை பேக்வர்டிலிருந்து (புதிய ஸ்கீமாவால் பழைய மெசேஜையும் படிக்க முடிய வேண்டும்) நன் (எந்தச் சோதனையும் இல்லை) என்று மாற்றியது. மறுப்பே இல்லை. அப்புறம் தொகையை டபுளிலிருந்து (எண்) ஸ்ட்ரிங் (எழுத்து) ஆக்கிய ஸ்கீமா ஒன்று தானாகப் பதிவானது. மெசேஜ் அனுப்பும் புரொட்யூசரில், புதிய ஸ்கீமாவைத் தானே பதியும் ஆட்டோ ரெஜிஸ்டர் இயல்பாகவே திறந்திருக்கும். மெசேஜைப் படிக்கும் கன்சூமர்கள் அந்த ஸ்கீமாவில் வந்த மெசேஜிலேயே நின்றுவிட்டன. ஸ்கீமாவைத் திருத்தினாலும் டாபிக்கில் (மெசேஜ்கள் சேரும் வரிசை) ஏற்கெனவே விழுந்த மெசேஜ் மாறாது. அந்த மெசேஜின் ஆஃப்செட்டை (வரிசை எண்) தாண்டவைத்து, விட்டுப்போன ஆர்டர்களைக் கையால் சேர்க்க வேண்டியிருந்தது.

கேட்டதற்கு, "காஃப்கா ஏசிஎல் போட்டிருக்கிறோமே" என்றார்கள். ஏசிஎல் என்னும் அனுமதிப் பட்டியல் காஃப்காவில் உள்ள டாபிக் போன்றவற்றைத்தான் காக்கும், ரெஜிஸ்ட்ரியை அல்ல. ரெஜிஸ்ட்ரி தன் சொந்த அடையாளத்தில்தான், ஸ்கீமாக்களைச் சேமிக்கும் ஸ்கீமா டாபிக்கில் எழுதுகிறது. ரெஜிஸ்ட்ரியிடம் கேட்டது யார் என்று காஃப்கா சர்வரான புரோக்கருக்குத் தெரியாது. விடாமல் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது: நிறுவியிருந்த கான்ஃப்ளூயன்ட் நிறுவனத்தின் ரெஜிஸ்ட்ரியில் சப்ஜெக்ட் வாரி அனுமதிக்கு உரிமம் தேவைப்படும் பாதுகாப்பு பிளக்-இன் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமாம். அது இல்லாமல் முடியாது என்பது தெரிந்தும் அதே வேலைக்கு எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு இது ஏமாற்று வேலைதான்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். படிக்க மட்டும் அனுமதியுள்ள கணக்கால் ஒரு சோதனை சப்ஜெக்ட்டில் ஸ்கீமா பதிவு செய்யட்டும், இணக்க விதியை மாற்றட்டும், பதிப்பை நீக்கட்டும். மூன்றுக்கும் 403 வர வேண்டும். ஒட்டுமொத்த இணக்க விதியை மாற்றும் அனுமதியைத் தனியாகச் சோதியுங்கள், பலரும் விடுவது அதைத்தான். ஸ்கீமா டாபிக்கில் ரெஜிஸ்ட்ரியைத் தவிர வேறு செயலிக் கணக்குகளுக்கு எழுதும் உரிமை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ரெஜிஸ்ட்ரியைச் சுற்றிக்கொண்டே போய்விடலாம். எல்லாச் செயலிகளுக்கும் ஒரே பயனர் பெயரைக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கள் மீதித் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம். அட்டவணையில் மறுக்க வேண்டிய ஒவ்வொரு வரிக்கும் 403 பதிலை அவர்கள் காட்டும்வரை கொடுப்பதாக இல்லை.