சபையும் நகரமும் ஆன்லைன் பயிற்சி: சேரலாமா?

சபை தன்னைச் சுற்றியுள்ள நகரத்தோடு எப்படிப் பழக வேண்டும் என்று போதகர்களுக்கும் ஊழியர்களுக்கும் சொல்லித்தரும் ஒரு ஆன்லைன் பயிற்சியை இப்போதுதான் முடித்தேன். காசு கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காக இது.

முதல் பகுதி முழுக்க வேதபாடம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பதை விளக்குகிறார்கள். சரியான இடம்தான், ஆனால் இழுவை. வேகத்தைக் கூட்டிவைத்துப் பாருங்கள், ஒன்றும் தவறாது.

வரலாற்றுப் பகுதிக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லண்டன் தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு வெள்ளைப் பாஸ்பரஸால் தாடை எலும்பு அழுகிக்கொண்டிருந்த காலத்தில், இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவ அமைப்பு 1891இல் தானே ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கி, ஆபத்து குறைந்த சிவப்புப் பாஸ்பரஸைப் பயன்படுத்தி, மற்ற இடங்களைவிடக் கூடுதல் கூலியும் கொடுத்திருக்கிறது. துண்டுப்பிரதி கொடுத்துவிட்டு 'உங்களுக்காக ஜெபிக்கிறோம்' என்று நகர்ந்துவிடுவது எவ்வளவு சுலபம்! அப்புறம், அன்று கம்யூனிச ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள நிக்கோலாய் தேவாலயம். 1982 முதல் அங்கே திங்கட்கிழமை ஜெபக்கூட்டம் நடந்தது, விசுவாசிகள் அல்லாதவர்களும் வந்தார்கள், 1989 அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் அந்த ஆட்சியை எதிர்த்து, வன்முறையே இல்லாமல் தெருவில் நடந்தார்கள்.

பயிற்சியின் உயிர் என்றால் வீட்டுப்பாடம்தான். ஞாயிறு அல்லாத ஒரு நாளில், காலையில் ஒரு தடவை, இரவு ஒரு தடவை, சபையைச் சுற்றி நடக்கச் சொல்கிறார்கள். நடைபாதையில் யார் படுக்கிறார்கள், வேலை முடிந்து யார் தனியாக நடந்து போகிறார்கள், எந்த மூலையில் விளக்கு எரியவில்லை, எல்லாவற்றையும் ஒரு தாளில் குறிக்க வேண்டும். பிறகு சபைக்கு வராத சிலரிடம், 'நாளைக்கே இந்தச் சபை இங்கே இல்லையென்றால் உங்களுக்கு என்ன குறையும்?' என்று கேட்க வேண்டும். ஆராதனைக்கு அழைக்கக் கூடாது, பதில் சொல்லி வாதாடக் கூடாது. எனக்குக் கிடைத்த பதில்களில் ஒன்று: 'ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்.'

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பயிற்சியில் ஒரு வரி இல்லை! ஒலிபெருக்கிச் சத்தம், அடைத்து நிற்கும் வண்டிகள், வாரம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் பெரிய கட்டடம், அக்கம்பக்கத்தார் சபையைப் பற்றி முதலில் சொல்வது இவைதான். அதைவிட உறுத்தியது மாதிரித் திட்டம். இலவச டியூஷன் நடத்தச் சொல்கிறார்கள், நல்லது, ஆனால் கடைசிப் படியாக, பிள்ளைகளின் பெற்றோர் பெயர்களை ஆராதனை அழைப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார்கள். அப்படியென்றால் டியூஷன் தூண்டில்தானே? கேட்பவருக்கு விசுவாசத்தைப் பற்றிச் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது. உதவிக்குப் பின்னால் பட்டியல் ஓடினால் தெருவுக்கு அது உடனே தெரிந்துவிடும். பிற மதத்தாரோடும் நகராட்சியோடும் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றியும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

போதகர் மட்டும் தனியாகச் சேர்ந்தால் பெரிய பிரயோஜனம் இல்லை. மூப்பர்கள், வாலிபர்கள், முடிந்தால் சபையின் கணக்கைப் பார்ப்பவரும் சேர்ந்து, வரலாறும் வீட்டுப்பாடமும் செய்யுங்கள், மாதிரித் திட்டத்தை விட்டுவிடுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.