மலையில் நாலு நாள்: கேஸ் அடுப்பா, அவலா?

மணாலியிலிருந்து ஹம்ப்டா கணவாய்க்கு நாலைந்து நாள் நடை. சுமையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கூடாரத்தில்தான் கை வைக்கிறார்கள். சமையலையும் கொஞ்சம் யோசிக்கலாம்: கேஸ் அடுப்பைத் தூக்கிப் போவதா, சமைக்காமல் அவலை ஊற வைத்துச் சாப்பிடுவதா?

எடை: அடுப்பு 100 கிராம்தான். ஆனால் 230 கிராம் கேஸ் உள்ள குப்பி, தகரத்தோடு சேர்த்து 380 வரும். பாத்திரமும் லைட்டரும் சேர்ந்தால் முக்கால் கிலோவை நெருங்கும். அவலுக்கு மூடி இறுக்கமான ஒரு டப்பா போதும்.

தெம்பு: 100 கிராம் அவலில் சுமார் 350 கலோரி, வேர்க்கடலையில் 560. வெல்லமும் இருந்தால் வயிறு கேட்காது. மூன்றாம் நாள் நாக்குதான் சூடாக ஏதாவது கேட்கும்!

குளிர்: இங்கேதான் அடுப்பு ஜெயிக்கிறது. ஆனால் 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் அரிசி வேக ரொம்ப நேரமாகும், கேஸுக்குத்தான் கேடு. நூடுல்ஸ், சூப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் பியூட்டேன் வாயு உள்ள குப்பி, தண்ணீர் உறையும் குளிரில் படுத்துவிடும், புரொப்பேன் வாயுவும் கலந்த குப்பியாகப் பாருங்கள். எந்த கேஸ் குப்பியையும் விமானத்தில் கொண்டுபோக முடியாது.

தண்ணீர்: ஓடை நீரில் அப்படியே அவலை ஊற வைக்காதீர்கள். வடிகட்டியோ குளோரின் மாத்திரையோ வேண்டும். அடுப்பு இருந்தால் கொதிக்க வைத்தாலே சரி.

தனியாக, கோடையில் போகிறவருக்கு அவல். பனிக்காலம் என்றாலோ மூன்று பேர் சுமையைப் பங்கு போட்டாலோ அடுப்பு.