லினக்ஸ் ஏற்றிய 64 ஜிபி பென்டிரைவ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

"உபுண்டு 24.04 ஏற்றியே வரும், செருகினால் போதும்" என்று இணையக் கடையொன்றில் விற்ற பென்டிரைவ் பற்றியது இது. உறையில் 64 ஜிபி, உள்ளே இருந்த சிப் 8 ஜிபி. புகார் செய்தால் "எங்களிடம் பூட் ஆகிறது, உங்கள் லேப்டாப்தான் கோளாறு" என்கிறார் விற்றவர்.

பூட் ஆவது, அதாவது கணினி அதிலிருந்து இயங்கத் தொடங்குவது, உண்மைதான். 24.04 டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ (இயங்குதளம் முழுவதும் அடங்கிய படிமக் கோப்பு) சுமார் 6 ஜிபி. அசல் சிப்புக்குள்ளேயே அடங்கிவிடும். நிறுவாமலே ஓடும் லைவ் திரை வரும், நிறுவலும் முடியும். மிச்ச இடத்தைத் தொடும்போதுதான் குட்டு வெளிப்படும். டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப் கணினியிடம் 64 என்று பொய் சொல்லிவிட்டு, 8-க்கு அப்பால் எழுதுவதைத் தொலைத்துவிடும், அல்லது சுற்றிவந்து பழைய தரவின் மேலேயே எழுதும். பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த மிச்ச இடத்தில் பெர்சிஸ்டன்ஸ் பகிர்வு (லைவ் முறையில் செய்யும் மாற்றங்களைச் சேமிக்கும் பகுதி) உருவாக்கினால், எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை தன் குறிப்புகளைப் பகிர்வு முழுக்கப் பரப்பி வைப்பதால் அடுத்த பூட்டிலேயே சிக்கல் தொடங்கும். பல ஐஎஸ்ஓக்களை ஒரே டிரைவிலிருந்து பூட் செய்யும் வென்டாய் கருவியைப் போட்டால் உடனே தெரிந்துவிடும்: பூட் ஆகத் தேவையான அதன் 32 எம்பி இஎஃப்ஐ பகிர்வு டிரைவின் கடைசியில் இருக்க வேண்டும், அந்த இடத்தில் சிப்பே கிடையாது.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். அதற்கான கருவிகள்: லினக்ஸில் எஃப்3ரைட், பிறகு எஃப்3ரீட், விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ. டிரைவை நிரப்பிப் படித்துப் பார்ப்பதால் யூஎஸ்பி 2-இல் மணிக்கணக்காகும். முடிவுத் திரையைப் படம் பிடித்து வையுங்கள், பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் சாட்சி.

கொள்ளளவை விடக் கவலை தருவது உள்ளே இருந்த படிமம். உபுண்டு பூட் ஆகும்போது கோப்புகளைச் சரிபார்க்கிறதே என்பார்கள். அதற்குப் பயன்படும் எம்டி5 பட்டியல் (ஒவ்வொரு கோப்புக்குமான சரிபார்ப்பு எண்கள்) படிமத்துக்குள்ளேயே இருக்கிறது. படிமத்தை மாற்றியவனுக்கு அதை மாற்ற எவ்வளவு நேரமாகும்? அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவைத் தனியாக இறக்கி, உபுண்டு வெளியிடும் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்பு எண் பட்டியலின் ஜிபிஜி கையொப்பத்தை (பட்டியல் உபுண்டுவுடையதே என்பதற்கான மின்கையொப்பம்) சோதித்து, ஐஎஸ்ஓ அதோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பிறகு டிரைவோடு ஒப்பிடுங்கள். ஐஎஸ்ஓவை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையால் எழுதி, இன்னும் பூட் செய்யாத டிரைவென்றால், பைட் பைட்டாக ஒப்பிடும் சிஎம்பி கட்டளை போதும்: ஐஎஸ்ஓவின் பைட் அளவு வரை மட்டும், பகிர்வு எண் இல்லாத முழுச் சாதனப் பெயரோடு. ரூஃபஸ் என்ற விண்டோஸ் கருவியின் ஐஎஸ்ஓ முறையில் எழுதியது, கோப்புகளைத் தனித்தனியே நகலெடுப்பதால், இயல்பாகவே ஒத்துவராது. அதில் கேஸ்பர் கோப்புறையின் ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்புகளை (இயங்குதளத்தைச் சுருக்கி வைத்த கோப்புகள்) ஒப்பிடுங்கள். இந்த டிரைவில் அவையும் வேறுபட்டன. யாருடையதென்று தெரியாத ஆப்ட் மூலம் (மென்பொருள் இறக்கும் முகவரி) ஒன்றும், அதை நம்பவைக்கும் சாவியும் கூடுதலாக இருந்தன. அதிலிருந்து நிறுவிய கணினியைத் திருத்திக்கொண்டிருப்பது வீண். அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

வீண்பயம் என்று நினைத்தால் 2016 பிப்ரவரி 20-ஐ நினைத்துப் பாருங்கள். லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் சொந்தத் தளத்திலேயே ஊடுருவிகள் 17.3 சினமன் பதிப்பின் இறக்க இணைப்பை மாற்றி, சுனாமி என்ற பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவைப் பரப்பினார்கள். ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும் செக்சம்மை (சரிபார்ப்பு எண்ணை) மட்டும் நம்பக் கூடாது, கையொப்பம் வேண்டும் என்பது இதனால்தான்.

உண்மையில் பலருக்குப் பென்டிரைவே தேவையில்லை. 22.04 வைத்திருப்பவர்கள் டூ-ரிலீஸ்-அப்கிரேட் கட்டளையாலேயே 24.04-க்கு மாறலாம். புதிதாக நிறுவ, ஐஎஸ்ஓவை வன்வட்டில் வைத்து, பூட் பட்டியலைக் காட்டும் கிரப் நிரலின் 40_கஸ்டம் கோப்பில் லூப்பேக் பதிவு (ஐஎஸ்ஓவை டிரைவ் போலத் திறக்கும் பதிவு) சேர்த்து, ஐஎஸ்ஓ-ஸ்கேன் அளவுருவில் கோப்பின் பாதையைக் கொடுத்து, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். ஐஎஸ்ஓ இருக்கும் பகிர்வு நிறுவல் முடியும்வரை பயன்பாட்டில் இருக்கும், அதை ஃபார்மேட் செய்ய முடியாது; எனவே ரூட் அல்லாத தனிப் பகிர்வில் வையுங்கள்.