மூன்று ஆண்டு ஓடிய பம்பும் பெட்டியில் அச்சிட்ட 1,000 லிட்டரும்

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் நண்பர் தம் மீன்தொட்டிக்கு என்னிடம் இருக்கும் இதே பம்பை வாங்கலாமா என்று கேட்டதாலும், போன வாரம்தான் இதன் சுழலியை (உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் பாகத்தை) மாற்றினேன் என்பதாலும் இதை எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் வரவேற்பறையில் இரவும் பகலும் ஓடி, கீழ்த்தொட்டியின் நீரை மேலே உள்ள மீன்தொட்டிக்கு ஏற்றுகிறது. பக்கத்தில் படுத்தாலும் சத்தம் கேட்காது. ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘மணிக்கு 1,000 லிட்டர்’ என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

சுழலியை மாற்றுவதற்கு முன்பே, மேலே வரும் நீரை வாளியில் பிடித்து அளந்து பார்த்தேன். வாளியில் போட்டிருந்த 10 லிட்டர் கோட்டையும் நான் நம்பவில்லை. ஊருக்குப் போகும்போது பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டினால், வாளியின் எடை போக, கோடு வரை நிற்கும் நீர் 9.4 கிலோதான், அதாவது 9.4 லிட்டர். அது நிரம்ப 94 விநாடி ஆனது. 9.4-ஐ 94-ஆல் வகுத்து 3,600-ஆல் பெருக்கினால் மணிக்கு 360 லிட்டர். புதுச் சுழலியோடு 75 விநாடி. அப்போதும் 451 லிட்டர்தான்.

கோபத்தோடு பம்பைக் குளியலறைக்குக் கொண்டுபோய், நீர் நிறைந்த பெரிய பேசினில் போட்டு, சாண் நீளக் குழாய்த் துண்டை விளிம்பையொட்டிப் படுக்கவைத்து அளந்தேன். 38 விநாடியில் வாளி நிறைந்தது. மணிக்கு 890 லிட்டர். பெட்டி பொய் சொல்லவில்லை. நீரை மேலே ஏற்றாத நிலையின் கணக்கு அது. அதே பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் 1.5 மீட்டர், நீர் வருவதே நின்றுபோகும் உயரம். என் வீட்டிலோ கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து குழாயின் மேல்வாய் வரை 90 சென்டிமீட்டர். (பம்பு இருக்கும் இடத்திலிருந்து அளக்கக்கூடாது, நான் முதலில் அப்படித்தான் அளந்தேன்.)

உயரத்தால் குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்டியோடு தந்த 12 மில்லிமீட்டர் குழாயைத்தான் பொறுக்க முடியவில்லை. பம்பின் அதே வாயில் 16 மில்லிமீட்டர் குழாயும் பொருந்துகிறது. 3 வெள்ளிக்கு வாங்கி மாட்டியதும் 59 விநாடி, மணிக்கு 573 லிட்டர். என் 120 லிட்டர் தொட்டியின் நீர் இப்போது மணிக்கு நான்கு முறைக்கு மேல் சுற்றி வருகிறது. மூன்று ஆண்டுகளாகத் தொண்டையை நெரித்துக்கொண்டிருந்தது தயாரித்தவர்களே தந்த குழாய்!

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு மட்டும் உதிரிச் சுழலி இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறேன்.