மன வரைபடமா, பட்டியலா, துண்டுச்சீட்டா?

பனையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். வழக்கம்போல முதலில் பட்டியல்: நுங்கு, பதநீர், கருப்பட்டி, கிழங்கு, ஓலை. அதோடு பேனா நின்றுவிட்டது. பட்டியலில் எனக்குள்ள சிக்கலே இதுதான். எழுதியதற்கு அடுத்து என்ன வரும் என்றே மனசு தேடுகிறது. வரிசைக்கு ஒட்டாத யோசனை பேனா வரை வருவதே இல்லை.

தாளைப் படுக்கைவாட்டில் திருப்பி, நடுவில் 'பனை' என்று எழுதி, அதிலிருந்து சொற்களைக் கிளைகளாகப் பிரித்து மன வரைபடம் போட்டேன். 1974-இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் வழியாக ஆங்கில எழுத்தாளர் டோனி புசான் பரப்பிய முறை இது. கிளைக்கு ஒரு சொல்தான் என்பது அவர் விதி. அதை நான் கறாராகக் கடைப்பிடிக்கிறேன். 'ஓலையில் பல பொருள்கள் செய்யலாம்' என்று எழுதினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'ஓலை' என்று மட்டும் எழுதிப் பாருங்கள்: விசிறி, கூரை, பெட்டி, கொழுக்கட்டை, கிலுகிலுப்பை, சுவடி என்று கிளைத்துக்கொண்டே போகும். கால் மணி நேரத்தில் தாள் நிரம்பிவிட்டது. யோசனைகளைக் கிளப்பிவிட இதற்கு ஈடான முறையை நான் பார்த்ததில்லை.

ஆனால் இதில் ஒவ்வொரு சொல்லும் ஏதாவது ஒரு கிளையில்தான் தொங்க வேண்டும். என் படத்தில் பதநீர் ஒரு மூலையில், கள் இன்னொரு மூலையில். இரண்டுமே பாளையில் வடியும் அதே சாறுதான். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீராக இருக்கும், தடவாவிட்டால் கள்ளாகிவிடும். கட்டுரைக்கே உயிரான இந்தச் சங்கதி படத்தில் எங்கேயும் இல்லை! குறுக்கே ஓர் அம்பு போடலாம்தான். ஏன் போட்டோம் என்பதை அம்பு சொல்லாது.

அங்கேதான் கருத்து வரைபடம் முந்துகிறது. குழந்தைகள் அறிவியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜோசப் நோவாக்கின் குழு, 1970-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதை உருவாக்கியது. இதில் இரண்டு சொற்களை இணைக்கும் கோட்டின் மேலேயே அவற்றின் உறவை எழுத வேண்டும்: 'சுண்ணாம்பு தடவினால்'. ஒவ்வொரு கோட்டுக்கும் நின்று யோசிக்க வேண்டியிருப்பதால் வேகம் குறையும். பாடம் நடத்துகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். புரியாத இடத்தில் கோடு வெறுமையாக நிற்கும், உடனே தெரிந்துவிடும்.

சரி, எதை முதலில் சொல்வது? இரண்டு படங்களுமே இதற்கு வழி காட்டுவதில்லை. கிளைத்து விரிந்து கிடப்பதற்கு முன், பின் கிடையாது. எக்ஸ்மைண்ட், ஃப்ரீபிளேன் போன்ற மன வரைபடச் செயலிகளில் கிளைகளை இழுத்து இடம் மாற்றலாம். எனக்கென்னவோ துண்டுச்சீட்டுதான் கைக்கு வாகாக இருக்கிறது. சொல்லுக்கு ஒரு சீட்டு, தரையில் பரப்பி, நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது. நுங்கை முதலில் வைத்தேன், சப்பென்று இருந்தது. சுவடியை வைத்தேன், வரலாற்றுப் பாடம் மாதிரி ஆனது. சுண்ணாம்புச் சீட்டை எடுத்து மேலே வைத்ததும் கட்டுரைக்கு வாசல் திறந்தது.

அப்புறம்தான் பட்டியல் போட்டேன். இந்தமுறை பேனா எங்கேயும் நிற்கவில்லை.