டேக் பிழையைத் திருத்த: பிக்கார்டா, எம்பி3டேக்கா?

திருகோணமலையில் கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் போடுபவரின் கணினியில் ஜூக்பாக்ஸைத் (பாட்டு போடும் மென்பொருள்) திறந்தால், பல பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரியும். பாட்டு கெடவில்லை, டேக்தான் (கோப்புக்குள் பாட்டின் பெயர், பாடகர் போன்றவற்றை எழுதிவைக்கும் குறிப்பு) பிழை. பழைய டேக் வடிவமான ஐடி3வி1, தலைப்புக்கு 30 பைட்டுதான் ஒதுக்கும். தமிழுக்கு அது சரிவராது.

டேக் திருத்தும் மென்பொருளான பிக்கார்ட், ஒலியை வைத்தே பாட்டை அடையாளம் கண்டு, மியூசிக்பிரைன்ஸ் தரவுத்தளத்திலிருந்து பெயர் எடுக்கும். பிரபலமான சினிமாப் பாட்டென்றால் சரி. கோணேசர்மேல் உள்ளூரில் பதிந்த பக்திப்பாட்டை அங்கே தேடுவது வீண்வேலை.

அந்த மாதிரிப் பாட்டுக்கு எம்பி3டேக் என்ற மென்பொருள்தான் என் தேர்வு. கோப்புப் பெயரைப் பார்த்து மொத்தமாக டேக் எழுதும். ஐடி3வி1-ஐ நீக்கிவிட்டு ஐடி3வி2.3 (புதிய டேக் வடிவம்), யூடிஎஃப்-16 (தமிழ் எழுத்தைத் தாங்கும் குறியாக்கம்) என்று சேமியுங்கள். அப்புறம் ஜூக்பாக்ஸில் நூலகத்தை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும்; பலர் இதை விட்டுவிட்டு மென்பொருளைத் திட்டுவார்கள். கோப்புப் பெயரும் குப்பையென்றால் கையால் தட்டத்தான் வேண்டும்.